முறைப்பாட்டுப் புத்தகம்

என் மேசைக்கு இரண்டு பக்கம்.
அந்தப் பக்கம் தமிழில் அழுவார்கள்.
இந்தப் பக்கம் நான் சிங்களத்தில் எழுதுவேன்.
நடுவில் ஒரு காபன் தாள்.
ஜன்னலுக்கு வெளியே புறக்கோட்டை,
கடவத்த கடவத்த கடவத்த என்று
தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்கும்.

நேற்று முதலில் வந்தவர் நளீர் ஹாஜியார்,
மூன்றாம் குறுக்குத்தெரு, பிளாஸ்டிக் சாமான் கடை.
இரவெல்லாம் ஷட்டரில் சிறுநீர்.
"மூன்று மொழியிலும் எழுதிப் போட்டேன் தங்கச்சி,
மூன்று மொழிக்காரனும் அதுக்கு மேலேயே..."
மிச்சத்தை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக் காட்டினார்.

பிறகு சுகிர்தமலர். துணிக்கடைப் பிள்ளை,
ஊர் பொகவந்தலாவை, கொழும்புக்கு வந்து ஐந்து மாதம்.
பஸ்ஸில் பின்னால் ஒருவன்.
என்ன செய்தான் என்று கேட்டேன்.
மேசை விளிம்பில் உரிந்திருந்த போமைக்காவை
நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தாள்.
"நின்றான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை எழுத
எனக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது.
சார்ஜன்ட் அதை ஒரு வரியாக்கினார்.

ஏழு மணிக்கு
ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள்.
கொண்டுவந்தவர்கள் நிற்கவில்லை.
பதினாறு இருக்கும். ஒற்றைச் செருப்பு.
மலிபன் வீதியில் போன் பறித்தானாம்.
போன் கிடைத்துவிட்டது,
சொந்தக்காரர் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்.
ஆகவே முறைப்பாடு இல்லை.
உதடு இருந்த இடத்தில் ஒரு வீக்கம்,
அதற்குள்ளிருந்து பெயர் வந்தது: ரஸீன்.
வாழைத்தோட்டம்.

அடித்தது யார்?

"சனம்."

மினிஸ்சு என்று எழுதினேன்.
சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார்.
அப்படி ஒரு ஆளை நான் எங்கே போய்ப் பிடிக்க,
விலாசத்தைக் கேட்டு எழுது என்றார்.
பகிடிக்குத்தான். நானும் சிரித்தேன்.
பையனுக்குச் சிரிக்க வாய் இல்லை.
என் கதிரையின் முதுகில் தொங்கியதைக் காட்டி
"நீலக் குடை" என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.

ஆறரைக்கு நான் பிளேன்டீ வாங்கப் போயிருந்தேன்.
வழியில் ஒரு வட்டம்.
மூட்டை இறக்கிவிட்டு வந்த நாட்டாமிகள்,
டை கட்டிய ஒருவர்,
பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளையின் தாய்.
கால்களுக்கு இடையால் ஒரு கை தெரிந்தது.
பிறகு தெரியவில்லை.
நான் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.
போன மாதம் இதே வீதியில்தான் என் சங்கிலி போனது,
கழுத்தில் கோடு இன்னும் ஆறவில்லை,
குளிக்கும்போது எரியும்.

"நல்லா வேணும்."

மெதுவாகத்தான் சொன்னேன்.
எந்த மொழியில் என்று ஞாபகம் இல்லை.

புத்தகத்தில் சாட்சி என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதியாகிவிட்டது.
பேனையை அழுத்திப் பிடிக்கிற பழக்கம் எனக்கு;
காபன் அதை அடுத்த தாளிலும்
அதற்கடுத்த தாளிலும் பதித்திருந்தது.
பையனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
பாதி சட்டையில் வழிந்தது.
ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஜீப் இல்லை,
வரும் என்றார்கள்.

ஒன்பது மணிக்கு வெளியே வந்தேன்.
தெருவிளக்குகளில் ஒன்று விட்டு ஒன்று எரிந்தது.
கோவாத் தழைகளைக் குமித்து வைத்து
அதன்மேல் ஒருவர் படுத்திருந்தார்,
உயிரோடா என்று பார்க்க நின்றேன், இருமினார், நடந்தேன்.
தூறல். குடையை விரிக்கவில்லை.
வீட்டுச் சாவியை விரலிடுக்கில் கூராகப் பிடித்திருந்தேன்,
எல்லாப் பெண்களும் பிடிப்பது போல.

வத்தளை பஸ் தரிப்பில்
பின்னால் யாரோ வந்து நின்றார்.

திரும்பினேன்.
நனைந்த சேட்டு, அக்குளில் ஒரு இறாத்தல் பாண்,
நாள் முழுக்க வேலை பார்த்த முகம்.
என் கையைப் பார்த்தார்.
பாணை மார்போடு அணைத்துக்கொண்டு
ஒரு அடி தள்ளி நின்றார்.